பூனைமுடி மீசைக்கு வக்காலத்து

2022-இல் வந்த ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ கணினி ஆட்டத்துக்குள்ளேயே ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கிறது. எங்காவது மாட்டிக்கொண்டால் அதைத் திறந்து வழி கேட்கலாம். சுட்டியால் சொடுக்கிப் புதிர்களை அவிழ்க்கும் இத்தகைய ‘பாயிண்ட் அண்ட் கிளிக்’ ஆட்டங்களின் பழைய ரசிகர்கள் பலருக்கு இப்படிப்பட்ட உதவிகள் பிடிப்பதில்லை. அந்தக் காலத்து ஆட்டங்கள் ஆடுபவரின் அறிவை மதித்தன, நாள்கணக்கில் யோசிக்க வைத்தன என்கிறார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பழைய ஆட்டங்களின் அழகை நான் மறுக்கவில்லை. அவசரப்படுத்தாத நடையும், தீட்டிய பின்னணிகளும், எதைத் தொட்டாலும் கிடைக்கும் ஒரு பதிலும் வேறெந்த வகை ஆட்டத்திலும் அவ்வளவாக இல்லை. 1990-இல் வந்த முதல் ‘மங்கி ஐலண்ட்’டின் வாள்சண்டை இன்றும் வியக்கவைக்கிறது. அதில் வாள் வீச்சால் வெல்ல முடியாது; வசைக்கு ஏற்ற பதில்வசையால்தான் வெல்ல வேண்டும். கொள்ளையர்களிடம் தோற்றுத் தோற்று வசைகளைக் கற்கிறோம். கடைசியில் தேர்ந்த வாள்வீராங்கனை ஒருத்தி கேட்டிராத வசைகளை வீசுகிறாள். நாம் கற்ற பதில்களே அவற்றுக்கும் பொருந்துகின்றன.

எத்தனை புதிர்கள் இப்படி இருந்தன? 1999-இல் வந்த ‘கேப்ரியல் நைட் 3’-இல் நாயகனுக்கு வாடகை மோட்டார்பைக் வேண்டும். அதற்கு நண்பர் மோஸ்லியாக அவன் நடிக்க வேண்டும். கதவு ஓட்டையில் ஒட்டுநாடாவை ஒட்டி, பூனையை அவ்வழியே விரட்டி, நாடாவில் சிக்கிய முடியை மேப்பிள் பாகு தடவி மேலுதட்டில் ஒட்டினால் மீசை தயார். ஆனால் மோஸ்லிக்கு மீசையே கிடையாது! அதற்காக அவருடைய பாஸ்போர்ட் படத்தில் மீசை வரைய வேண்டும். ஆடுபவரின் எந்த அறிவு இங்கே மதிக்கப்படுகிறது? ஆட்டத்தை உருவாக்கியவர் மனத்தில் இருந்ததை ஊகிக்கச் சொல்வது யோசிக்கச் சொல்வதாகாது.

இதைவிடக் கொடியது சியரா நிறுவனத்தின் ‘கிங்ஸ் குவெஸ்ட் 5’. பனிமலையில் நாயகன் கிரஹாமுக்குப் பசிக்கிறது, அவன் பையில் ‘பை’ (pie) என்னும் பலகாரம் ஒன்று இருக்கிறது. பசித்தவன் சாப்பிடுவான். சாப்பிட்டால் ஆட்டம் ஒன்றும் சொல்லாமல் தொடர்கிறது. பின்னால் எட்டி என்னும் பனிமனிதன் வரும்போதுதான் அதன் முகத்தில் வீச அந்தப் பலகாரம் வேண்டியிருந்தது தெரியவருகிறது. அப்போது திரும்ப வழியில்லை. அடிக்கடி ‘சேவ்’ செய்திருக்கலாமே என்பார்கள். எந்த ‘சேவ்’ தவறுக்கு முந்தையது என்று ஆட்டம் சொன்னால்தானே அது உதவும்?

இது அன்று யாருக்கும் புரியாத குறையும் அல்ல. 1989-லேயே, பின்னர் ‘மங்கி ஐலண்ட்’டை உருவாக்கிய ரான் கில்பர்ட் இத்தகைய ஆட்டங்களைக் கடுமையாகச் சாடி ஒரு கட்டுரை எழுதினார். செத்துச் செத்துத்தான் கற்க வேண்டும் என்ற நிலையையும், எடுக்கத் தவறிய பொருளுக்காகப் பின்னால் தண்டிப்பதையும் எதிர்த்தார். சியராவோ குறிப்புப் புத்தகங்களை விற்றது, கட்டணத் தொலைபேசியில் விடை சொன்னது. அந்தத் தொலைபேசியை நாடியவர்களுக்குப் பொறுமை இல்லாமல் போகவில்லை. யோசித்து விடை காண்பதற்கான தடயத்தை ஆட்டம் அவர்களுக்குத் தரவே இல்லை.