பரணும் குழியும்

ஒரு புகைப்படத்தைப் பற்றி நண்பர் ஒருவருடன் ஏற்பட்ட தகராறிலிருந்து இந்தக் கட்டுரை பிறந்தது. லண்டனில், தேம்ஸ் நதிக்குத் தெற்கே பெர்மண்ட்ஸி என்ற பகுதியில், பழைய தோல் ஆலை ஒன்றின் உச்சித் தளத்தைச் சொகுசு வீடாக்கி விலைக்கு வைத்திருக்கிறார்கள். பூசாத செங்கல் சுவர். வார்ப்பிரும்புத் தூண்கள். கூரையின் மரச் சட்டங்கள் அப்படியே தெரிகின்றன. உத்தரத்திலிருந்து ஓர் இரும்புக் கொக்கி தொங்குகிறது. அதற்கு நேர் கீழே ஒரு தோல் சோபா. நண்பர் ஓவியர். “தேவையில்லாதது ஒன்றுகூட இல்லை. உருவம் என்றால் இதுதான்” என்றார். நான் ஆம்பூர்க்காரன். படத்துக்கு வாசனை கிடையாது என்று தெரிந்தும், அந்தக் கொக்கியைக் கண்டதும் என் மூக்கு சுண்ணாம்பையும் ஊறின தோலையும் தேடிற்று. தேவையில்லாதது எதுவும் இல்லை, வாஸ்தவம். யாருக்குத் தேவையில்லாததை எடுத்துவிட்டார்கள் என்ற கேள்வி நண்பருக்கு எழவில்லை.

இவ்வகை வீட்டை ‘லாஃப்ட்’ என்கிறார்கள். நம் வீட்டுப் பரண்தான். பழைய டேனரி ஒன்றைப் புரிந்துகொள்ள அதன் குழியையும் பரணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கீழே குழியில் சுண்ணாம்பு நீர். தோல் அதில் கிடந்து, மயிர் தளர்ந்து, சதை வழிக்கப்பட்டு, பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறி, கடைசியில் உலர மேலே போகும். பெர்மண்ட்ஸியில் உலர்த்தும் தளத்தின் சுவர்களைக் காற்றுப் புகும்படி மரச் சட்டங்களால் அமைத்தார்கள். வெயில் நேராகப் படக்கூடாது. அவசரமாகக் காய்ந்தால் தோல் விறைத்துக் கெட்டுவிடும். இன்று விளம்பரங்கள் சிலாகிக்கும் அந்த உயரமும் விசாலமும் காற்றோட்டமும் தோலின் சௌகரியத்துக்காக ஏற்பட்டவை. கட்டியவன் அழகைப் பற்றி யோசித்திருக்க மாட்டான். வேலையின் நிர்ப்பந்தமே அங்கே உருவமாயிற்று.

அங்கே உலர்ந்து மெருகேறிய தோல்களோடு எங்கள் பக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பாதி பதனிட்ட மாட்டுத்தோல், ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற வியாபாரப் பெயரில் லண்டன் ஏலத்துக்குக் கப்பலேறியது. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸ் மேல்தோலுக்கு இதை நம்பியிருந்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கம் முழுக்கத் தோல் தொழில் ஊன்றியது. நாற்றமும் அழுக்கும் மிகுந்த ஆரம்ப வேலை இங்கே, மெருகு அங்கே. எங்கள் பக்கத்தில் யார் குழியில் இறங்குவது என்பதைப் பெரும்பாலும் சாதி தீர்மானித்தது. பெர்மண்ட்ஸியில் 1833இல் தோல் சந்தை வந்தது. 1878இல் தோல் வியாபாரிகளுக்கென்று ஒரு பரிவர்த்தனை மாளிகை எழுந்தது. இரண்டாம் உலக யுத்தக் குண்டுவீச்சு, துறைமுகத்தின் சரிவு, வெளிநாட்டுப் போட்டி எனப் பல காரணங்களால் அங்கே தொழில் தேய்ந்தது. 1970களில் இந்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, மெருகு வேலையும் செருப்பு, பூட்ஸ் தயாரிப்பும் இங்கே வளர்ந்தன. ஆவாரம்பட்டையை ஒதுக்கிக் குரோமியம் பரவியது. அங்கே குழி தூர்ந்து பரண் வீடாகியது; இங்கே குழி ஊரையே நிறைத்தது.

முதலில் பரணுக்குக் குடிபோனவர்கள் பணக்காரர்கள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கின் சோஹோவில், காலியாகிக்கொண்டிருந்த ஆலைத் தளங்களில் ஓவியர்கள் சட்டத்துக்கு மறைவாகக் குடியேறினார்கள். வாடகை குறைவு, பெரிய கான்வாஸை நிறுத்த இடம் இருந்தது. 1971இல் நகர நிர்வாகம் கலைஞர்கள் அங்கே வசிப்பதைச் சட்டபூர்வமாக்கிற்று. அவர்கள் தங்கியதால் உண்டான மதிப்பை மனை வியாபாரம் எவ்வாறு கைப்பற்றியது என்பதை ஷாரன் ஜூகின் 1982இல் வெளியிட்ட ‘லாஃப்ட் லிவிங்’ என்ற நூலில் ஆராய்ந்தார். நமக்கு இது அந்நியக் கதை அல்ல. 1959இல் செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியபோது புதுக்கவிதை யாரும் சீந்தாத இடம். இருபது வருஷத்துக்குள் பெரும் பத்திரிகைகள் அதன் வரி மடிப்பை மட்டும் எடுத்துப்போய்ப் பக்க ஓரங்களை நிரப்பிக்கொண்டன. மடிப்பதற்கு என்ன நிர்ப்பந்தம் இருந்தது என்பதை எடுத்துப்போகவில்லை.

ஆனால் வியாபாரத்தின் மேல் மட்டும் பழி போட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘சுத்த உருவம்’ என்று நாமே எழுதியிருக்கிறோம். அனுபவத்தின் கசடு நீங்கிய உருவம், தானே தனக்குக் காரணமான உருவம் என்றெல்லாம். அந்தக் கோட்பாட்டைச் செங்கல்லில் கட்டினால் கிடைப்பது இந்த உச்சித் தளத்து வீடுதான். இதில் ஒரு வேடிக்கை. பெர்மண்ட்ஸி டேனரிகளில் தோலை மிருதுவாக்க நாயின் மலத்தைப் பயன்படுத்தினார்கள். தெருத்தெருவாக அதைப் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்களைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி மேஹ்யூ எழுதியிருக்கிறார். அந்தச் சரக்குக்குத் தொழிலில் வழங்கிய பெயர் ‘ப்யூர்’, அதாவது சுத்தம். தோலைச் சுத்தப்படுத்துவதால் வந்த பெயர். சுத்தம் என்ற வார்த்தையை டேனரிக்காரன் நம்மைவிடப் பொறுப்போடு பயன்படுத்தியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்த் தரப்பு விமர்சகர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களிடம் அந்த வீட்டைக் கொடுத்தால் சுவரில் ஒரு தொழிலாளியின் படத்தை மாட்டிவிட்டு உள்ளடக்கம் வந்துவிட்டது என்பார்கள். மாட்டியும் இருக்கிறார்கள். 1878ஆம் வருஷத்துப் பரிவர்த்தனை மாளிகையின் முகப்பிலேயே தோல் தொழிலின் வேலைகள் வட்டச் சிற்பங்களாக இருக்கின்றன. கடல் நாய்த் தோல் பதனிட்ட அலாஸ்கா ஆலை இப்போது குடியிருப்பு. அதன் 1869ஆம் வருஷத்து வாசலில் கல்லில் செதுக்கிய கடல் நாய் இன்னும் இருக்கிறது. சின்னங்களுக்குக் குறைவில்லை. சின்னம் இருக்கும்போதே விஷயத்தை மறந்துவிட முடிகிறது. நம்முடைய பல முற்போக்குக் கவிதைகளில் வியர்வை இப்படித்தான் இருக்கிறது.

உருவம் ஒரு பக்கம், உள்ளடக்கம் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டு செய்த வாதத்தில் இரு தரப்பும் குழியைப் பார்க்கவில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர். டேனரிகள் உள்ள பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுவதுமோ கெட்டுப்போனது என்று அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். மாசுபடுத்துகிறவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்ட வழக்குகளில் இது ஒன்று. நடையழகு இல்லாத எழுத்து. இருந்தும் பாலாற்றைப் பற்றி வந்த பல கவிதைகளைவிட இதில் பாலாறு அதிகம் இருக்கிறது. எழுத வந்தவர்கள் என்ற முறையில் நாம் வெட்கப்பட வேண்டிய இடம் இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லாஃப்ட் வீட்டின் கவர்ச்சியே ஆலைக்குள் படுத்து உறங்குவதில் இருக்கிறது. அதற்குத்தான் அந்த விலை. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரிக்குள் சேறு பாய்ந்தது. அங்கே உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களும் ஆலைக்குள்தான் உறங்கினார்கள். அந்த இரவை விட்டுவிட்டு ஆலைச் சுவரின் அழகை எழுத எனக்கு இனி முடியாது.

பழைய ஆலைகளை இடித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இடித்தால் அந்தக் கொக்கியும் போய்விடும். நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். “அப்படியானால் கொக்கியைக் கழற்றிவிடச் சொல்கிறீரா?” என்றார். இருக்கட்டும் என்றேன். அதில் முன்பு என்ன தொங்கிற்று, அதைத் தூக்கி மாட்டியவன் யார், அந்த வேலை இப்போது எந்த ஊரில் நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அதை வரையும். கோடு மாறுகிறதா என்று பார்ப்போம்.