மாவு டப்பாவும் நெத்தலித் தூளும்

பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதல் உணவு சோறுதான். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் குலதெய்வக் கோயிலிலோ கேரளத்தின் குருவாயூரிலோ வைத்துச் சோறூட்டுகின்றன. யாழ்ப்பாணத்தில் சோறு தீத்துகிறார்கள். சிங்கள வீடுகளில் நல்ல நேரம் பார்த்துப் பாற்சோறு கொடுக்கிறார்கள். சடங்கு முடிந்த மறுநாள்தான் இரண்டு அடுக்களைகளும் பிரிகின்றன. தமிழ்நாட்டுத் தாய் மாவு டப்பாவைத் திறக்கிறாள். இலங்கைத் தாய் வீட்டுக்கு வைத்த சோற்றுப் பானையிலிருந்தே ஒரு பிடி எடுத்து மசிக்கிறாள்.

தமிழ்நாட்டின் சத்துமாவு பெரிய வேலை. கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, கோதுமை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, முந்திரி, ஏலக்காய் என்று பட்டியல் வீட்டுக்கு வீடு நீளும். கழுவி, ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்து, மில்லில் கொடுக்க வேண்டும். அதற்கு முன் மிளகாய் அரைத்த மில் என்றால் திரும்பி வந்துவிடுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் நேந்திரங்காயைச் சீவி உலர்த்தி இடித்த பொடி தனி மரபு. ஒருமுறை அரைத்தால் வாரக்கணக்கில் வரும். வேலைக்குப் போகும் தாய்க்கு இது பெரிய வசதி.

இந்த வேலையில் உண்மையான சூட்சுமம் முளைகட்டுவதில் இருக்கிறது. வறுத்து மட்டும் அரைத்த மாவு கொதித்ததும் இறுகிவிடும். இளக்குவதற்காகத் தண்ணீர் விட்டுக்கொண்டே போனால் குழந்தைக்குத் தண்ணீர்தான் மிஞ்சும். ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிதான் கொள்ளும். முளைவிடும்போது தானியத்தில் உருவாகும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. அதனால் அதே அளவு கஞ்சியில் கூடுதல் மாவு போட்டாலும் கட்டியாகாது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் முளைகட்டிய கேழ்வரகையும் பாசிப்பயறையும் கொண்டு இணை உணவு உருவாக்கியது இந்தக் காரணத்துக்காகத்தான். இன்று பல வீடுகளில் முளைகட்டுவதை விட்டுவிட்டு பாதாம், பிஸ்தா என்று பட்டியலை மட்டும் நீட்டுகிறார்கள். பதினைந்து பொருளை ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால், உடம்பில் தடிப்பு வரும்போது எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இலங்கையில் இதற்கு நேர்மாறான ஒழுங்கு. முதலில் குழைந்த சோறு, சில நாளில் மைசூர்ப் பருப்பு, பிறகு பூசணி, கரட், கீரை என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். கொழுப்புக்குத் தமிழ்நாட்டில் நெய் என்றால் இலங்கையில் தேங்காய்ப்பால். ஏழெட்டு மாதத்துக்குள் மீனும் முட்டை மஞ்சட்கருவும் வந்துவிடும். நெத்தலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளி, உப்புப் போகப் பலமுறை கழுவி, வறுத்து இடித்த தூளை ஒரு கரண்டி சோற்றில் கலப்பது தாய்மார் கிளினிக்கில் சொல்லிக்கொடுக்கும் பாடம். முள்ளோடு இடிப்பதால் கல்சியமும் கிடைக்கிறது. குரக்கன் என்று அங்கே அழைக்கப்படும் கேழ்வரகுக் கஞ்சி இலங்கையிலும் உண்டு, ஆனால் முதல் இடம் சோற்றுக்குத்தான்.

மீனின் பயன் அதன் புரதத்தோடு நிற்பதில்லை. பிறக்கும்போது உடம்பில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. தானியத்திலும் பயறிலும் இரும்பு இருந்தாலும் அவற்றிலுள்ள ஃபைட்டிக் அமிலம் அதை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. தட்டில் கொஞ்சம் மீனோ இறைச்சியோ இருந்தால் தானியத்தின் இரும்பும் கூடுதலாகச் சேரும். 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் முட்டை, மீன், இறைச்சியில் ஏதாவது ஒன்றைத் தினமும் கொடுக்கச் சொல்கிறது. தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் நெத்திலிக் கருவாடு குவிந்து கிடக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு செய்துகொடுக்கும் அதே வீட்டில், குழந்தைக்குக் கருவாடு என்றால் கரப்பான் வரும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் கிரந்தி என்ற பெயரில் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயத்தோடு வாதாட அங்கே வீட்டுக்கே ஆள் வருகிறது.

அவர் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பத்திலேயே பெயரைப் பதிந்துகொண்டு, பிரசவத்துக்குப் பின் வீடு தேடி வந்து, மாதாமாதம் எடை பார்த்துக் கிளினிக் கொப்பியில் குறிப்பவர். பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு, ஆண் குழந்தைக்கு நீலம் என்று அந்தக் கொப்பி இல்லாத வீடு அரிது. தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் இருக்கிறார்கள். ஆனால் எதை ஊட்டுவது என்ற தீர்ப்பை இன்னமும் பெரும்பாலும் பாட்டியும் யூடியூப்பும்தான் சொல்கிறார்கள்.

இரண்டு அரசுகளும் மாவும் கொடுக்கின்றன. மக்காச்சோளம், சோயா, பால்மா கலந்த இலங்கையின் திரிபோஷ 1973இல் தொடங்கியது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியாகத் தமிழ்நாட்டு அங்கன்வாடிகள் வெல்லம் சேர்த்த சத்துமாவு தருகின்றன. தலைவிதி இரண்டுக்கும் ஒன்றுதான். இலங்கையில் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டையாகவும், தமிழ்நாட்டில் கொழுக்கட்டையாகவும் முழுக் குடும்பமும் தின்றுவிடுகிறது. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் தரமான மக்காச்சோளம் கிடைக்காததாலும் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு வரம்பைத் தாண்டியதாலும் சிறு குழந்தைகளுக்கான திரிபோஷ தடைப்பட்டது. ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் வேர்க்கடலையிலும் இந்த நச்சு வரும் என்பதால், வீட்டு மாவைக் கிலோக்கணக்கில் அரைத்துச் சேர்த்துவைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

இலங்கையின் 2016 கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதம் பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அளவு 55 சதவீதம். ஐந்து வயதுக்குள் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் இலங்கையில் 17 சதவீதம், தமிழ்நாட்டில் 25. ஆனால் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் இரு இடத்திலும் ஏறக்குறைய 15 சதவீதம்! இலங்கையின் தோட்டப்புறத்தில் உயரக் குறைவு 32 சதவீதம். பிள்ளை மடுவம் எனும் தோட்டக் காப்பகத்தில் குழந்தையை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் மலையகத் தாய்க்கு அதே கொப்பியும் அதே அறிவுரையும் கிடைக்கின்றன. மீனுக்குக் காசும் மசித்து ஊட்ட நேரமும்தான் கிடைப்பதில்லை. அறிவுரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கூலிக்குப் பதிலாக நிற்காது.

வசதி ஓரளவு உள்ள வீடுகளுக்கு இரு பக்கமும் கொடுக்கல் வாங்கலுக்கு இடமிருக்கிறது. தமிழ்நாட்டு டப்பாவில் பொருட்களைக் குறைத்து, முளைகட்டுவதைத் திரும்பக் கொண்டுவந்து, மேலே ஒரு கரண்டி நெத்திலித் தூள் போடலாம். மீன் தொடாத வீட்டில் கீரையோடு நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டாலும் இரும்பு சேர உதவும். இலங்கையில் மீன் வாங்க முடியாத நாளில் பருப்புச் சோற்றோடு நின்றுவிடாமல், முளைகட்டிய குரக்கனையும் பயறையும் சிறிதளவு இடித்து வைத்துக்கொள்ளலாம். இரண்டில் எதைச் செய்தாலும் கரண்டியைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். முளைகட்டாத மாவுக் கஞ்சியும் மசித்த சோறும் தண்ணீராக ஓடினால், கெட்டியாக்கிய பிறகுதான் ஊட்ட வேண்டும்.