செக்ரோலில் ஒரு கோள்

மலாயில் பைடூரி என்றால் ஓப்பல் கல். நம் வைடூரியத்துக்கும் அதற்கும் வேர் ஒன்றுதான். அந்தப் பெயரில் மலேசியாவுக்கென்று ஒரு புறக்கோள் இருக்கிறது. அனைத்துலக வானியல் ஒன்றியம் 2019இல் தன் நூற்றாண்டையொட்டி, நாட்டுக்கொரு விண்மீனையும் அதன் கோளையும் ஒதுக்கிப் பெயர் கேட்டது. இலங்கை அமைதியையும் ஒற்றுமையையும் அனுப்பியது: சாமய, சமகிய. இந்தியா தன் விண்மீனுக்கு இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் பெயரை வைத்தது. எனக்குப் பிடித்தது அதுதான். மலேசியா நகைக்கடைக்குப் போனது. விண்மீனுக்கு இந்தான், அதாவது வைரம். கோளுக்குப் பைடூரி.

பெயரைக் கேட்டதும் பால்நிறத்தில் மினுங்கும் உருண்டை ஒன்று மனத்தில் வந்துவிடும். அதன் நிறத்தை யாரும் பார்த்ததில்லை. கோள் இழுக்கிற இழுப்பில் விண்மீன் நொடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுகிறது. சிலியின் லா சில்லாவில் இருக்கும் ஹார்ப்ஸ் கருவி அந்த ஆட்டத்தை அளந்துதான் 2008இல் பைடூரியைக் கண்டுபிடித்தது. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர்களைக் கிராணி செக்ரோல் ஏட்டில் பதிந்துகொள்வாரே, பெயர், வந்த நாள், பாலின் எடை என்று, அதைப் போன்ற பதிவு இது. முகம் அதில் இல்லை.

இருக்கிற பதிவே போதுமான அளவு விசித்திரமானது. எடை வியாழனைப்போல் குறைந்தது இரு மடங்கு. ஒரு சுற்றுக்கு 380.85 நாள். பாதையோ நீண்டு மெலிந்த முட்டை: ஒரு முனையில் விண்மீனிலிருந்து 25 கோடி கிலோமீட்டர், நம் செவ்வாயைத் தாண்டிய தொலைவு, மறுமுனையில் மூன்றரைக் கோடி, புதனையும்விட நெருக்கம். ஏழு மடங்கு நெருங்கினால் மேலே விழும் ஒளி 49 மடங்கு. கெப்ளர் விதியை வைத்துக் கணக்குப் போட்டேன்: விண்மீனின் அருகே அரைவட்டம் அடிக்க அதற்கு 27 நாள் போதும். மிச்ச நாளெல்லாம் தூரத்தில்தான்.

இனி வருவது என் கற்பனை. பைடூரிக்கு ஒரு நிலவு. அதில் உறைந்த ஆறு. வருஷத்தில் ஒரு மாதம் பனி உடைந்து ஓடுகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் முளைத்து, மின்னி, துணை தேடி முடிக்க வேண்டிய உயிர்கள். கம்போங் குவாந்தான் ஆற்றோரம் பெரெம்பாங் மரத்தில் ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகளை இரவில் படகிலிருந்து பார்த்தவனுக்கு இது தோன்றாமல் இருக்காது.

கற்பனை போதும். டிசம்பர் இரவில் புக்கிட் மலாவத்தி குன்றின் மேலே நின்று தெற்கே பார்த்தால் இந்தான் இருக்கும் இடம் தலைக்கு மேல் பாதி உயரத்துக்குச் சற்றுக் கூட. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, கிள்ளான் பக்கத்து வெளிச்சம் வேறு. தூரம் 156 ஒளியாண்டு. இன்று வந்து சேரும் ஒளி, 1877இல் ரப்பர் மலாயாவுக்கு வருவதற்கு முன்பே புறப்பட்டது.

1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டத்துப் பக்கம், நெற்றியில் விளக்குக் கட்டிப் பால் வெட்டிய பாட்டி ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். வைடூரியமும் 49 மடங்கும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

“அங்க வருஷத்துக்கு எத்தன நாளு தம்பி?”

“முந்நூத்து எண்பது, பாட்டி.”

“அப்ப தீவாளி அட்வான்ஸு பதினஞ்சு நாள் தள்ளித்தான் வரும்.”