அடுத்த வீட்டைப் பார்க்கிறவள்

அடுத்த வீட்டில் ஃபிரிட்ஜ் வந்தால் இவளுக்குத் தூக்கம் வராது என்று பெண்களைக் கேலி செய்யாத ஊர் இல்லை. பொருளியலும் ஏறக்குறைய இதையே மரியாதையான மொழியில் சொல்கிறது. நாட்டின் வருமானம் உயர்வதற்கு ஏற்ப மக்களின் மகிழ்ச்சி உயர்வதில்லை, அவர்கள் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டுக்கொள்வதே காரணம் என்று 1974இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் எழுதினார். சீனக் கிராமங்களில் 2002இல் எடுத்த கணக்கெடுப்பை ஜான் நைட்டும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் தம்மைச் சொந்த ஊர்க்காரர்களோடுதான் ஒப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. இந்த முடிவுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒப்பிடுவது யார்? வீடா, வீட்டுக்குள் இருக்கும் ஆளா?

நுகர்வுக் கணக்குக்கு வீடுதான் அலகு. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒருவருக்கான மாதச் செலவு சராசரியாக 5,310 ரூபாய். இந்தியக் கிராமங்களின் சராசரி 3,773 ரூபாய். 'ஒருவருக்கு' என்பது வீட்டுச் செலவைத் தலைகளால் வகுத்து வந்தது. அப்பாவின் குடிக்குப் போன பணமும் மகளின் நாப்கினுக்குப் போன பணமும் எல்லார் பங்கிலும் சமமாக விழுகின்றன. முதலில் சாப்பிடுகிறவரும் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவளும் இந்தக் கணக்கில் ஒன்றுதான்.

ஒப்பிடும் வேலை மட்டும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. எந்த வீட்டில் எத்தனை பவுன் போட்டார்கள், தாய்மாமன் சீராக என்ன வந்தது, நாம் திருப்பி எவ்வளவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் பெண் தலையில் இருக்க வேண்டிய கணக்கு. மொய் நோட்டில் எழுதுவது பெரும்பாலும் ஆணின் பெயர். முறை தவறினால் பேச்சு வாங்குவது அவள். வீட்டின் நெருக்கடி ஊருக்குத் தெரிவதும் அவள் கழுத்தில்தான். தாலிக்கொடி அடகுக்குப் போய் மஞ்சள் கயிறு வந்துவிட்டதை எல்லாரும் பார்க்கிறார்கள். இதற்குப் பொறாமை என்று பெயர் வைப்பது அநியாயம். ஒப்பிடாமல் இருந்தால் தண்டனை உண்டு என்பதால் ஒப்பிடுகிறாள்.

இன்னொரு ஒப்பீடு இருக்கிறது. அதை ஊர் அனுமதிப்பதில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. 2005இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. ஆனாலும் அண்ணனின் நிலத்தையும் தன் சீரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தங்கை, குடும்பத்தைப் பிரிக்க வந்தவளாகிவிடுகிறாள். பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகப் பெண்கள் நிலத்தை விட்டுக்கொடுப்பதைப் பீனா அகர்வால் விரிவாக எழுதியிருக்கிறார். நிலத்தைப் பற்றிப் பேச முடியாதவள் சீரைப் பற்றிப் பேசுகிறாள். அண்ணனோடு ஒப்பிட முடியாதவள் ஓரகத்தியோடு ஒப்பிடுகிறாள். நாம் சிரிப்பது அந்த இரண்டாவதைப் பார்த்துத்தான்.

இவளிடம் போய், மாமியாரும் கணவரும் பக்கத்தில் இருக்க, சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்டால் என்ன சொல்வாள்? "எங்களுக்கு என்னங்க குறை" என்பாள். 'எங்களுக்கு' என்றுதான் சொல்வாள். நெடுங்காலம் இல்லாமையில் இருப்பவர்கள் கிடைக்கக்கூடியதற்கு ஏற்பத் தம் ஆசையையே சுருக்கிக்கொள்கிறார்கள் என்று அமர்த்தியா சென் எச்சரித்தார். அப்படிச் சுருங்கிய ஆசைதான் ஆய்வுத்தாளில் நிறைவு என்று பதிவாகிறது. பிறகு அதையே காட்டி, கிராமத்துப் பெண்கள் இருப்பதைக் கொண்டு மகிழ்கிறார்கள், கூலியும் சொத்தும் அவர்களுக்குப் பெரிதல்ல என்று பேச ஆள் இருக்கிறது.

எனவே அடுத்த வீட்டு ஃபிரிட்ஜ் உன் மகிழ்ச்சியை எவ்வளவு குறைத்தது என்று அவளிடம் கேட்பதற்கு முன், உன் வீட்டில் உன் பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.