இன்றைய வரி

சாப்பிட்டு முடித்துப் பாய் விரித்ததும் மகள் கேட்பாள்: "அப்பா, இன்னிக்கு உன் வரி எது?" அவளுக்கு ஏழு வயது. அன்று படித்ததில் பிடித்த ஒரே ஒரு வரியை இருவரும் சொல்ல வேண்டும். பிறகு அதை நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும்.

இந்த விளையாட்டுக்குத் தமிழ் வாகான மொழி. ஔவையின் ஆத்திசூடி 109 வரி, பாரதியின் புதிய ஆத்திசூடி 110 வரி. ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் மூச்சுக்குள் அடங்கிவிடும். அகர வரிசையில் நிற்பதால் அடுத்தது தானாக நாவில் வரும். அழ. வள்ளியப்பாவின் பாடல்களில் சந்தமே அவளுக்கு வரியை எடுத்துக் கொடுத்துவிடும்.

நான் பொருளுக்காகத் தேர்ந்தெடுப்பேன், அவள் ஓசைக்காக. ஒருநாள் கதைப் புத்தகத்திலிருந்து, மழை பெய்வதைச் சொல்லும் சாதாரண வரி ஒன்றைச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "அதுல ல, ள, ழ மூணும் இருக்குப்பா!" நாக்கை மடித்து மடித்துச் சொல்லிக் காட்டினாள். முந்தின நாள் அதே பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டியவன் நான்தான். அந்த வரியை அப்போது கேட்கவே இல்லை. இப்போதெல்லாம் மெதுவாகவே வாசிக்கிறேன்.