ரிப்பன் பிழைத்தது, ஸ்டார்ட் பொத்தான் திரும்பி வந்தது

தொழில்நுட்ப நிறுவனத் தலைவர்களைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளரின் எதிர்ப்பை மீறி எடுத்த முடிவு வென்றால் அதைத் தொலைநோக்கு என்பார்கள். தோற்றால் ஆணவம் என்பார்கள். பலன் தெரிந்த பிறகு பெயர் சூட்டுவது யாருக்கும் எளிது. எடுக்கும் நேரத்திலேயே ஒரு முடிவின் தரத்தை எடைபோட முடியுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மைக்ரோசாஃப்ட் எடுத்த இரண்டு முடிவுகளை அருகருகே வைத்தால் இதற்கு விடை கிடைக்கும். ஒன்று, ஆபீஸ் 2007இல் பழைய மெனுக்களை எடுத்துவிட்டு, கட்டளைகளைத் தாவல்களாகப் பிரித்துக் காட்டும் ரிப்பன் என்ற பட்டையைக் கொண்டுவந்தது. மற்றொன்று, 2012 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 8இல் ஸ்டார்ட் பொத்தானையும் அதன் மெனுவையும் நீக்கியது.

இவ்விரண்டையும் ஒப்பிட வலுவான காரணம் இருக்கிறது. இரண்டிலும் ஆட்கள் ஏறக்குறைய அவர்களேதான். அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர். ஆபீஸ் 2007ஐ வடிவமைத்த காலத்தில் ஆபீஸ் பிரிவை நடத்தியவர் ஸ்டீவன் சினாஃப்ஸ்கி. பிறகு விண்டோஸ் பிரிவுக்கு வந்து விண்டோஸ் 8ஐ உருவாக்கியவரும் அவரே. ரிப்பனின் பின்னால் இருந்த ஜூலி லார்சன்-கிரீன், ஜென்சன் ஹாரிஸ் இருவரும் அவரோடு விண்டோஸ் பக்கம் வந்தவர்கள். எதிர்ப்பும் ஒரே மாதிரிதான்: பழையதைத் திருப்பிக் கொடுங்கள். பதிலும் ஒன்றேதான்: பழைய தோற்றத்துக்குத் திரும்பும் வசதி கிடையாது. ஆகவே துணிச்சல், பிடிவாதம், திறமை என்று தலைவரின் குணத்தை வைத்து இந்தக் கதையை விளக்க முடியாது. குணம் மாறவில்லை, பலன் மட்டும் தலைகீழானது.

முதலில் ரிப்பன். 1989இல் விண்டோஸுக்கு வந்த முதல் வேர்டில் இரண்டே டூல்பார்கள் இருந்தன. வேர்டு 2003க்கு வந்தபோது டூல்பார்கள் 31, டாஸ்க் பேன்கள் 19. கட்டளைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. புதிய வசதி வேண்டும் என்று பயனர்கள் கேட்டவற்றில் பல ஏற்கெனவே உள்ளே இருந்தவை. எங்கே இருக்கின்றன என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. இந்த நெரிசலைச் சமாளிக்க ஆபீஸ் 2000இல் அதிகம் பயன்படாத கட்டளைகளை மெனு தானாகவே மறைத்தது. நேற்றுப் பார்த்த கட்டளை இன்று அங்கே இல்லை என்றால் எரிச்சல் கூடுமே தவிரக் குறையாது. ஒட்டுப்போட்டுச் சரிசெய்யும் வழிகளை முயன்று பார்த்து, அவை தோற்ற பிறகே அடித்தளத்தை மாற்றினார்கள்.

மாற்றியபோது கைப்பழக்கத்தை முழுவதும் அழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி போன்ற குறுக்குவிசைகள் அப்படியே வேலை செய்தன. ஆல்ட் விசையை அழுத்திப் பழைய மெனு வழியைத் தட்டினாலும் பெரும்பாலான கட்டளைகள் வந்தன. அவுட்லுக்கின் முதன்மைச் சாளரத்துக்கு 2007இல் ரிப்பன் வரவில்லை, 2010இல்தான் வந்தது. கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் பெரிது. கைக்கு நேர்ந்த இழப்பு அதைவிடச் சிறிது.

குறைகளும் இருந்தன. ஃபைல் மெனுவை எடுத்துவிட்டு, மூலையில் சின்னம் பொறித்த ஒரு வட்டப் பொத்தானை வைத்தார்கள். அது அலங்காரம் என்று நினைத்துக் கடந்தவர்கள் பிரிண்ட் எங்கே, சேவ் எங்கே என்று தேடினார்கள். 2010இல் ஃபைல் என்ற பெயரே திரும்பியது. தங்கள் வேலைக்கேற்ப டூல்பாரை அடுக்கி வைத்திருந்த தேர்ந்த பயனர்களுக்கு 2007இல் நியாயம் கிடைக்கவில்லை. ரிப்பனைத் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வசதி அவர்களுக்கு அடுத்த பதிப்பில்தான் வந்தது. ஊழியர்களுக்குப் புதிதாகப் பயிற்சி தரும் செலவும் வாங்கிய நிறுவனங்களின் தலையில்தான் விழுந்தது.

இனி விண்டோஸ் 8. 1995இல் விண்டோஸ் 95 அறிமுகம் செய்த ஸ்டார்ட் பொத்தான் 17 ஆண்டுகள் திரையின் இடது மூலையில் இருந்தது. கணினி கற்றுக்கொடுப்பவர் முதலில் காட்டும் இடமும் கணினியை அணைக்கப் போகும் இடமும் அதுதான். அதை எடுத்துவிட்டு, சதுரச் சதுரமாகக் கட்டங்கள் நிறைந்த முழுத்திரை ஒன்றை வைத்தார்கள். அந்தத் திரைக்குப் போக மவுஸை எதுவும் தெரியாத வெற்று மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். கணினியை அணைக்க, வலப்புற மூலையில் மறைந்திருக்கும் பட்டையை வரவழைத்து, செட்டிங்ஸைத் தொட்டு, அதற்குள் பவரைத் தேட வேண்டும். டெஸ்க்டாப்பில் ஒரு படத்தை இரட்டைச் சொடுக்கில் திறந்தால், அது முழுத்திரையையும் அடைத்துக்கொண்டு வேறோர் உலகத்தில் திறந்தது.

இது யாருடைய சிக்கலுக்குத் தீர்வு? மேசைக் கணினி வைத்திருந்தவர் ஸ்டார்ட் மெனுவால் அவதிப்பட்டதாகச் சொல்ல முடியாது. அவதி மைக்ரோசாஃப்டுக்கு. 2010இல் ஐபேட் வந்துவிட்டது. டேப்லெட் சந்தையில் மைக்ரோசாஃப்டுக்கு இடமில்லை. தொடுதிரைக்கான செயலிகளை எழுத ஆட்கள் வரவேண்டும், அவை விண்டோஸ் ஸ்டோரில் விற்க வேண்டும். அதற்கு எல்லாக் கணினிகளிலும் அந்தப் புதுத்திரையே முதலில் கண்ணில் படவேண்டும். தொழில் உத்தியாக இது முட்டாள்தனம் இல்லை. ஆனால் அதற்கான கூலியைக் கொடுத்தவர், மவுஸும் விசைப்பலகையும் மட்டுமே வைத்திருந்த பழைய வாடிக்கையாளர். இதற்கு மிகத் தெளிவான சான்று விண்டோஸ் சர்வர் 2012. சர்வர் அறையில் இருக்கும், பெரும்பாலும் தொலைவிலிருந்தே இயக்கப்படும் இயந்திரம் அது. அதைத் தொட்டு இயக்குபவர் யாருமில்லை. அதிலும் இதே தொடுதிரை முகப்பைத்தான் வைத்தார்கள்.

இரண்டு முடிவுகளுக்கும் நிறுவனம் புள்ளிவிவரத்தைத்தான் சாட்சிக்கு அழைத்தது. அதைப் பயன்படுத்திய விதத்தில்தான் வேறுபாடு. வேர்டு 2003இல் பேஸ்ட், சேவ், காப்பி, அண்டூ, போல்டு ஆகிய ஐந்து கட்டளைகளே மொத்தப் பயன்பாட்டில் ஏறக்குறைய 32 சதவீதம் என்று திரட்டிய தரவு காட்டியது. எதை முன்னால் வைப்பது என்று தீர்மானிக்க அது உதவியது. அதிகம் பயன்படாத கட்டளைகளைத் தூக்கி எறிய அதைக் காரணமாக்கவில்லை. விண்டோஸ் 7இல் மக்கள் வேண்டிய நிரல்களை டாஸ்க்பாரிலேயே பொருத்திக்கொண்டதால் ஸ்டார்ட் மெனுவைத் திறப்பது குறைந்திருக்கிறது என்று அதே வகைத் தரவு சொன்னது. அதிலிருந்து, அதை எடுத்துவிடலாம் என்ற முடிவுக்குப் போனார்கள். திரையரங்கின் அவசர வழியைத் தினமும் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து அதைச் சுவர்வைத்து அடைத்தது போன்ற வாதம் இது. வழி தெரியாதபோது திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையை எந்தச் சொடுக்குக் கணக்கும் அளக்காது.

எதிர்வாதங்களையும் கேட்க வேண்டும். ரிப்பன் நிலைத்தது நன்மையால் இல்லை, வேறு வழியில்லாததால்தான் என்பார்கள். ஆபீஸுக்கு இருந்த ஆதிக்கம் உண்மைதான். ஆனால் விண்டோஸுக்கும் அதே ஆதிக்கம் இருந்தது. அது விண்டோஸ் 8ஐக் காப்பாற்றவில்லை. ஆகவே ஆதிக்கத்தை மட்டும் காரணமாக்க முடியாது. விண்டோஸ் 8 தடுமாறியதற்குக் கைப்பேசிகளும் டேப்லெட்டுகளும் கணினி விற்பனையைத் தின்றதே காரணம் என்பது இன்னொரு வாதம். இதில் பாதி உண்மை உண்டு; அதனால் விற்பனைக் கணக்கை வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நிறுவனமே பிறகு என்ன செய்தது என்று பார்த்தால் போதும். விண்டோஸ் 8 வெளிவந்த அடுத்த மாதமே சினாஃப்ஸ்கி விலகினார். 2013 அக்டோபரில் 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 மெனுவையே திருப்பிக் கொடுத்தது. ரிப்பனோ இன்றும் வேர்டிலும் எக்செலிலும் இருக்கிறது. ஒன்றில் அடுத்த பதிப்புகள் விவரங்களைத் திருத்தின. மற்றதில் முடிவையே திருப்பின.

விண்டோஸ் 8இல் நல்லவை இல்லாமல் இல்லை. வேகமாகத் தொடங்கியது; டாஸ்க் மேனேஜர் மேம்பட்டது; கோப்புகளை நகலெடுக்கும் சாளரம் தெளிவானது. பழைய மெனுவையும் ஒரு விருப்பமாக விட்டிருந்தால் இவற்றுக்கு உரிய பெயர் கிடைத்திருக்கும். இரண்டு முகப்புகளைப் பராமரிப்பது செலவு என்ற வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் பயனர் கேட்காத மாற்றத்தைத் தருகிற நிறுவனம் அந்தச் செலவை ஏற்கத்தான் வேண்டும். மெனுக்களையும் ரிப்பன் போன்ற அமைப்பையும் சேர்த்தே தந்து, எது வேண்டும் என்று பயனரையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது லிப்ரே ஆபீஸ். அவ்வளவு பெரிய பணபலம் இல்லாத ஒரு திட்டத்தாலேயே இது முடிகிறது.

என் தீர்ப்பு இது. ரிப்பன் சரியான முடிவு; நிறைவேற்றியதில் குறைகள் இருந்தன. ஸ்டார்ட் பொத்தானை நீக்கியது தவறான முடிவு. எவ்வளவு நேர்த்தியாக நிறைவேற்றியிருந்தாலும் தவறுதான். இதைச் சொல்ல 2015 வரை காத்திருக்கத் தேவையில்லை. மாற்றம் யாருடைய சிக்கலைத் தீர்க்கிறது, பழகிய கைக்கு எதை விட்டுவைக்கிறது, பிடிக்காதவர் திரும்பிப்போக வழி உண்டா என்ற மூன்று கேள்விகளை 2012லேயே கேட்டிருக்கலாம். ரிப்பன் முதல் இரண்டில் தேறி மூன்றாவதில் தோற்றது. விண்டோஸ் 8 மூன்றிலும் தோற்றது. நாளை உங்கள் அலுவலகத்திலோ கைப்பேசியிலோ பழகிய பொத்தான் ஒன்று காணாமல் போய், இது உங்கள் நன்மைக்கே என்று ஓர் அறிவிப்பு வந்தால், இந்த மூன்று கேள்விகளையும் அதே வரிசையில் கேளுங்கள்.