மேடு பற்று... பள்ளம் வரவா?

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறார்கள். ஒரு சைக்கிள் ரூட்டுக்கு எழுதக்கூடாதா என்ன?

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஹெல்மெட்டும் தண்ணீர் பாட்டிலுமாகச் சிலர் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் அடியேனும் உண்டு. காந்தி சிலைப் பக்கமே சுற்றிச் சுற்றி அலுத்துப்போன ஒரு புண்ணியவான், போன ஜூன் மாதம் போனில் ஒரு பிளான் போட்டு அனுப்பினார். புதுச்சேரி - திண்டிவனம் - செஞ்சி - விழுப்புரம் - மறுபடி புதுச்சேரி. 'மலைப் பக்கம் ஒரு ரவுண்டு. 140 கிலோமீட்டர். மீடியம்!' என்று தலைப்பு வேறு.

படத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கோலம் போட்ட மாதிரி, தொடங்கின புள்ளியிலேயே வந்து முடிகிறது. எனக்குத் தகராறு அந்த 'மீடியம்' என்ற வார்த்தையோடுதான்.

முதலில் மலைக்கு வருவோம். செஞ்சியில் மலை இருக்கிறது, சந்தேகமில்லை. ராஜகிரி மட்டும் 800 அடி. 1750-ல் ராத்திரியோடு ராத்திரியாக அந்தக் கோட்டையைப் பிடித்தவர் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. நம் ஊர் புஸ்ஸி வீதிக்குப் பெயர் கொடுத்த அதே புஸ்ஸிதான். (இப்போது அது லால்பகதூர் சாஸ்திரி வீதி. ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், முழிப்பார்!) 2025-ல் யுனெஸ்கோவும் செஞ்சியைத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. எல்லாம் சரி... ஆனால் ரோடு அந்த மலைமேல் ஏறவில்லையே! பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. செஞ்சி ஊர் கடல் மட்டத்துக்குச் சுமார் 90 மீட்டர் மேலேதான் இருக்கிறது. நாம் கிளம்புவது கடற்கரையிலிருந்து. கணக்குப் போட்டால் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மாடி. கண்ணுக்கு மலை, காலுக்குச் சமவெளி!

'அப்போ சுலபம்தானே சார்?' என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் பி.காம். படித்தவன். ரவுண்டு அடித்துக் கிளம்பின இடத்துக்கே வந்தால், ஏறின மீட்டரும் இறங்கின மீட்டரும் பைசா பிசகாமல் டேலி ஆகும். ஆனால் நேரம் டேலி ஆகாது. ஐந்து கிலோமீட்டர் மேட்டில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம், அரை மணி நேரம். அதே ஐந்து கிலோமீட்டர் இறக்கத்தில் 30 வேகம், பத்து நிமிடம். சராசரி என்ன? 20 என்று சொன்னால் நீங்கள் ஃபெயில். பத்து கிலோமீட்டருக்கு 40 நிமிடம்... மணிக்கு 15தான். இறக்கத்தில் பிடித்துவிடலாம் என்று பார்த்தால் காற்று விடாது. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்க்காற்றின் தடை நாலு மடங்கு. கந்துவட்டி தோற்றது!

ஜூன் மாதம் என்றால் இன்னும் விசேஷம். காலையில் மேற்கே போகும்போது மேல்காற்று முகத்தில் அடிக்கும். மத்தியானம் கிழக்கே திரும்பினால் கடல்காற்று எதிரே வந்து நிற்கும். போகவும் எதிர்க்காற்று, வரவும் எதிர்க்காற்று.

இதெல்லாம் அந்தப் பிளானில் இல்லை. தூரம் இருந்தது, வளைவு நெளிவெல்லாம் இருந்தது. மணி மட்டும் இல்லை.

அதனால் என்ன ஆயிற்று? விழுப்புரம் தாண்டும்போதே மணி பதினொன்றரை. நாலுவழிச் சாலையில் நிழலைத் தேட வேண்டியிருந்தது. தண்ணீர் தீர்ந்து கொஞ்ச நேரமாகியிருந்தது. கூட வந்த நண்பருக்கு என் வயசுதான், பேங்க் உத்தியோகம். திடீரென்று சைக்கிளை நிறுத்தினார். 'இன்னைக்கு என்ன கிழமை?' என்றார். ஜோக்கடிக்கிறார் என்று சிரித்தேன். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வேர்ப்பது நின்றுபோயிருந்தது. நாக்கு குழறியது. டீக்கடையில் குடம் தண்ணீர் வாங்கித் தலையில் கொட்டி, ஒரு குட்டியானையை மறித்து, வெங்காய மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்தார். டாக்டர், 'அரை மணி லேட்டா வந்திருந்தா...' என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்கவில்லை. டிரைவர்தான் முடித்துவைத்தார்: 'ஏன் சார், வீட்ல பைக் இல்லையா?'

வழிகாட்டியவரை நான் திட்டவில்லை. நானும்தானே அந்தக் கோலத்தைப் பார்த்து மயங்கினேன்!

பிரெஞ்சுக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். பாரிஸில் 1904-ல் ஆரம்பித்த ஆடாக்ஸ் கிளப்பின் நெடுந்தூரப் பயணங்கள் இன்று இந்தியாவிலும் நடக்கின்றன. 200 கிலோமீட்டருக்கு பதிமூன்றரை மணி நேரம் கொடுப்பார்கள். முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. நடுநடுவே இருக்கும் நிறுத்தங்களுக்கும் எத்தனை மணிக்குள் வரவேண்டும் என்ற கணக்கு உண்டு. மணிக்குச் சராசரி 15 கிலோமீட்டர் வந்தாலே போதும். நம் மேடு-பள்ளக் கணக்கில் வந்த அதே 15!

சரி, குறை சொல்பவன் மாற்று சொல்ல வேண்டாமா? ஆற்றைக் கேட்கலாம். செஞ்சி மலைப்பக்கம் பிறக்கிற சங்கராபரணி, 1959-ல் கட்டிய வீடூர் அணையைத் தாண்டி, திருவக்கரை, வில்லியனூர் வழியாக நம் கடலுக்கு வருகிறது. அது வருகிற திசையில் எதிரே போனால் ஏற்றம் மெதுவாகத்தான் வரும். ஊசுட்டேரி, சேதராப்பட்டு, திருவக்கரை, மயிலம். போக வர எழுபது கிலோமீட்டர் சுமார். ஐந்து மணிக்குக் கிளம்பினால் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்க்கலாம். 2 கோடி வருஷப் பழசு. (நிழல் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்!) அந்தப் பக்கம் கல் குவாரிகள் இருப்பதால் டிப்பர் லாரிகள் பறக்கும். வார நாளில் வேண்டவே வேண்டாம்.

மயிலத்தில் முருகன் ஒரு சின்னக் குன்றின்மேல் இருக்கிறார். மேலே வரை ரோடு உண்டு. இந்த ரூட்டில் நிஜமான ஏற்றம் அது ஒன்றுதான். பாதி தூரத்தில், வெயில் ஏறுவதற்கு முன்னால் வருகிறது. அங்கேயே டிஃபனை முடித்துக்கொண்டு திரும்பினால் ஆற்றோடு கூடவே இறக்கம்.

திருத்திய பிளானைப் புண்ணியவானுக்கு அனுப்பிவைத்தேன். 'என்ன சார், ரவுண்டே வரலையே! போன ரோட்லயே திரும்பி வர்றீங்க' என்று உடனே பதில்.

பேங்க் நண்பருக்கும் அனுப்பினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: 'மயிலத்துல தண்ணி எங்கே கிடைக்கும்?'